வீட்டைப் பாதியில் காலி செய்தால் வாடகை எந்தத் தேதி வரை? செட்டிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீங்களே கிளம்பினாலும் சரி, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் சரி, கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தத் தேதி வரை வாடகை கொடுக்கவேண்டும்? சட்டத்தில் இதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. இந்த ஊர்ப் பக்கம் ஆளைச் சுற்றவிடுவது வேறொரு கேள்வி: சாவியை யாரிடம் கொடுப்பது?

ஏனென்றால் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இருப்பார். அவர் தம்பி சென்னையில். சித்தப்பா மகன்கள் கோயம்புத்தூரில். வீடு எல்லோருக்கும் பொது. மாதம் பிறந்தால் வாடகை வாங்க வருவது தெருக்கோடியில் இருக்கும் காரியக்காரர், அதாவது அவர்கள் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் விஷயத்தில், இத்தனை நாள் வாடகை வாங்கியவரிடமே சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். சில மாதம் கழித்து, அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பங்காளியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. சாவி எங்களிடம் வரவில்லை, ஆகவே இன்றைய தேதி வரை வாடகை பாக்கி, அட்வான்ஸைத் தரமுடியாது என்று. அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குள் நான் படித்ததும் கேட்டதும்தான் கீழே இருப்பவை.

1. முதலில் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள்

உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வீடு இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயரில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இனி இதை வாடகைச் சட்டம் என்றே சொல்கிறேன். இது நகர்ப்புறங்களுக்கான சட்டம்: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. கிராம ஊராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், நீங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும்தான்.

செட்டிநாட்டில் இது பெரிய விஷயம். தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகள். ஆத்தங்குடி கிராம ஊராட்சி. வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குப் போய்விடலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில ஊர்களும் அதோடு சேர்ந்தன. அதனால் உங்கள் பழைய ஒப்பந்தத்தில் ஊராட்சி என்று எழுதியிருந்தாலும் அதை நம்பவேண்டாம். இந்த ஆண்டு வீட்டு வரி ரசீதை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள், அதுதான் நடப்பு நிலவரம். இன்னொன்று: ராயவரம், கோனாபட்டு மாதிரி ஊர்களெல்லாம் செட்டிநாடுதான், ஆனால் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போய் நின்றுவிடாதீர்கள்.

கோயில் இடம், அறக்கட்டளைக் கட்டடம் என்றால் விதிகளே வேறு. இந்தக் கட்டுரையை அதற்குப் பயன்படுத்தவேண்டாம்.

2. ஒப்பந்தத்தில் தேடவேண்டிய வரிகள்

பெரும்பாலான ஒப்பந்தங்கள் பத்திர எழுத்தரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரே படிவம்தான். பெயரும் தொகையும் மட்டும் மாறும். அதனால் கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லை. இப்போது எடுத்துப் படியுங்கள்.

முதலில், உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது? ஒருவரா, பலரா? காரியக்காரர் பெயர் எங்காவது வருகிறதா? வாடகைச் சட்டத்தில், உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொத்து மேலாளர் என்ற ஒரு ஆள் உண்டு. அவர் விவரத்தை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, முன்னறிவிப்புக் காலம். ஒரு மாதமா, இரண்டு மாதமா, மூன்று மாதமா. சில ஒப்பந்தங்களில் வீட்டுக்காரர் தரவேண்டிய நோட்டீஸ் மட்டும் எழுதியிருக்கும், நீங்கள் தரவேண்டியது எழுதியிருக்காது.

பிறகு லாக்-இன், அதாவது இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக்கூடாது என்ற நிபந்தனை, ஏதாவது இருக்கிறதா பாருங்கள். "முதல் ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் மீதி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வேண்டியது" என்கிற மாதிரி வாக்கியமாக இருக்கும். லாக்-இன் என்ற சொல்லே இல்லாமலும் இருக்கலாம்.

கடைசியாக, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, பழுதுக்கு இவ்வளவு என்று கழிவு ஏதாவது.

நகர்ப்புற வீடு என்றால் ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தின் (வாடகைச் சட்டப்படி தகராறுகளைப் பார்க்கும் அரசு அலுவலகம்) இணையதளத்தில் பதிந்து பதிவு எண் வாங்கியிருக்கவேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, தனி. பதியாத ஒப்பந்தத்தைக் காட்டி ஆணையத்தின் முன் உரிமை கேட்பது கஷ்டம். இந்தக் கஷ்டம் வீட்டுக்காரருக்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். "ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே" என்று அவர் மிரட்டும்போது உதவும்.

3. நீங்களே கிளம்புவதானால்: நோட்டீஸ் கொடுங்கள், எழுத்தில்

மாற்றல் வந்துவிட்டது, வேலை போய்விட்டது, வீடு பிடிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். போனில் சொன்னது கணக்கில் வராது. "அண்ணே, அடுத்த மாதம் காலி பண்றோம்" என்று காரியக்காரரிடம் வாசலில் நின்று சொன்னதும் வராது.

எத்தனை நாள் முன்பு? ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் காலம். எழுதியிருக்காவிட்டால் வாடகைச் சட்டப்படி குறைந்தது ஒரு மாதம். ஊராட்சிப் பகுதியில், மாதாமாதம் ஓடும் குடித்தனமாக இருந்தால் சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள். ஆனால் ஊராட்சிப் பகுதியில் 11 மாதம் என்று காலம் குறித்து எழுதிவிட்டு, நடுவில் போவதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அந்த 15 நாள் உங்களைக் காப்பாற்றாது. அங்கே வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால்தான் சுத்தமாக வெளியே வரமுடியும். பேசிப் பாருங்கள், எழுதி வாங்குங்கள்.

நோட்டீஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே எழுதலாம். இப்படி:

"தங்களுக்குச் சொந்தமான இன்ன கதவு எண், இன்ன தெரு, இன்ன ஊர் வீட்டில் இன்ன தேதியிட்ட ஒப்பந்தப்படி மாதம் இவ்வளவு ரூபாய் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இன்ன தேதியன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க இருக்கிறேன். இதையே முன்னறிவிப்பாக ஏற்கவும். அன்று வீட்டைப் பார்வையிட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்ளத் தாங்களோ தங்கள் சார்பில் அதிகாரம் பெற்றவரோ வரவேண்டும். அவர் பெயரை எழுத்தில் தெரிவிக்கவும். என் முன்பணம் ரூபாய் இவ்வளவு தங்களிடம் உள்ளது. திருப்பி அனுப்பவேண்டிய வங்கிக் கணக்கு விவரம் கீழே."

அந்த "அவர் பெயரை எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஆறாவது படியில் வேலைக்கு வரும்.

அனுப்புவது எப்படி: ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமையாளர் முகவரிக்கு, ஸ்பீட் போஸ்ட்டில். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் "பதிவு செய்து, பட்டுவாடாச் சான்றோடு" என்று கேளுங்கள். உள்நாட்டுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். உரிமையாளர் பலர் என்றால் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி. வெளிநாட்டில் இருப்பவருக்குத் தபால் போய்ச் சேர நாளாகும், அதனால் அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காரியக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முன்னறிவிப்பு ஓடத் தொடங்குவது கடிதம் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து, நீங்கள் எழுதிய நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள்.

வீடு இருக்கவே லாயக்கில்லாமல் போய்விட்டது என்றால் கொஞ்சம் சலுகை உண்டு. பழைய வீடுகளில் ஐப்பசி மழையில் ஓடு விலகி வளவெல்லாம் (வீட்டின் உள்கட்டு) தண்ணீர் நிற்பதை இங்கே வந்தபிறகுதான் பார்த்தேன். பழுது பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, வீட்டுக்காரர் மறுத்து, குடியிருக்கவே முடியாத நிலை என்றால் வாடகைச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸில் வெளியேறலாம். மூன்றையும் காட்ட ஆதாரம் வேண்டும்: கேட்ட கடிதம், மறுத்த பதில், தேதி தெரியும் படங்கள்.

4. மீதி மாத வாடகை முழுவதும் கேட்டால்

லாக்-இன் வாக்கியம் ஒன்றும் இல்லை, முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று என்றால், நகர்ப்புற வீட்டில் உங்கள் பொறுப்பு அந்த முன்னறிவிப்புக் காலம் முடியும்வரைதான். நோட்டீஸ் காலத்தைக் காத்திராமல் முன்பே போனால் அந்தக் காலத்துக்கான வாடகையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

ஒரு கணக்கு. மாத வாடகை 9,000. நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்தது ஜூன் 5. ஒரு மாத முன்னறிவிப்பு ஜூலை 5இல் முடிகிறது. நீங்கள் ஜூன் 20 அன்றே சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். ஜூன் வாடகை முழுதாக 9,000, ஜூலையில் 5 நாளுக்கு நாளொன்றுக்கு 300 வீதம் 1,500. அவ்வளவுதான். "மாசம் பொறந்துட்டா முழு மாச வாடகை" என்பார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தவிர அதற்கு வலு இல்லை.

லாக்-இன் இருந்தால் கதை வேறு. அதற்காக ஆறு மாத வாடகையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவைத்திருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 73ஆம் பிரிவின் விளக்கத்தின்படி, இழப்பைக் குறைக்க வழி இருந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். வீடு காலியான அடுத்த மாதமே வேறு ஆள் குடிவந்துவிட்டால், அதற்கு அப்புறம் உள்ள மாதங்களுக்கு உங்களிடமும் வாங்குவதை நியாயப்படுத்துவது கடினம்.

அதனால் லாக்-இன்னுக்குள் கிளம்ப வேண்டியிருந்தால் மாற்று ஆள் தேடிக் கொடுங்கள். ஆளின் பெயர், போன் எண்ணை வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கும். காலத்தையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஆடி முதல் தேதி சாவி கொடுத்தால் வீடு ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும், இழப்பு என்று சொல்ல அவருக்கு ஒரு மாதம் கையில் கிடைக்கும். ஆனி கடைசிக்குள் கொடுத்தால் கல்லூரி திறக்கும் சமயத்தில் ஆள் வந்துவிடும். அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கம் அப்போது வீடு தேடுபவர்கள் அதிகம்.

இன்னொரு மிரட்டல்: "மூணு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போட்டிருக்கீங்க, ரெண்டு வருஷ வாடகை பாக்கி." ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. பதியாமல் முத்திரைத்தாளில் மட்டும் எழுதிய மூன்று வருட ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் மாதாந்திரக் குடித்தனமாகத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. கடைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களிடம்தான் மூன்று வருடம் என்று எழுதி வாங்குகிறார்கள்.

5. அவர்கள் காலி பண்ணச் சொன்னால்

வாடகை பாக்கிக்காகவோ, சொந்தத் தேவைக்காகவோ சொல்லலாம். நகரத்தார் வீடுகளில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று சொந்த வீட்டில் வைத்துச் செய்ய எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அப்போது திடீரென்று "ஒரு மாசத்துல விட்டுடுங்க" என்று வீட்டுக்கார ஆச்சியிடமிருந்து போன் வரும். மரியாதைப்பட்ட மனிதர்கள்தான், பேசினால் கேட்பார்கள். ஆனால் பேசுவதோடு எழுத்தும் நடக்கட்டும்.

பாக்கி என்றால்: இரண்டு மாத வாடகை நின்றுபோனால் அது காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் பொதுவாக விழுந்துவிடும். நோட்டீஸ் வந்ததும் கோபத்தில் வாடகையை நிறுத்துவது மிகக் கெட்ட யோசனை. வாங்க மறுத்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதையும் திருப்பினால் வாடகை ஆணையத்தில் செலுத்த வழி இருக்கிறது.

காலம் முடிந்தும் தங்கினால்தான் உண்மையான அடி. ஒப்பந்தக் காலம் முடிந்து, வீட்டுக்காரர் காலி பண்ணக் கேட்காமல் இருந்தால் அதே நிபந்தனைகளில் மாதாமாதம், அதிகபட்சம் 6 மாதம் வரை குடித்தனம் தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர் கேட்டுவிட்டார், குடித்தனம் முடிக்கப்பட்டுவிட்டது, நீங்கள் நகரவில்லை என்றால் முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு மடங்கு, அதற்கு மேல் நான்கு மடங்கு வாடகை. அதே 9,000 ரூபாய் வீட்டில் மார்ச் 31உடன் முடிந்த குடித்தனத்தில் ஜூன் 15 வரை இருந்தால்: ஏப்ரல் 18,000, மே 18,000, ஜூனில் அரை மாதத்துக்கு 18,000. மொத்தம் 54,000. ஒழுங்கான வாடகையில் அது 22,500தான். "கேஸ் போட்டா இழுக்கலாம், வருஷக் கணக்காகும்" என்று டீக்கடையில் அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஊராட்சிப் பகுதியில் இந்த மடங்குக் கணக்கு வராது. அங்கே வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். குடித்தனம் முடிந்த பிறகு இருந்த நாளுக்கெல்லாம் பழைய வாடகை இல்லாமல் சந்தை வாடகை அளவில் இழப்பீடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. அவர்களே குடித்தனத்தை முடித்து, நீங்களும் சாவியை ஒப்படைத்துவிட்டால், ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் மாதங்களுக்கு வாடகை கேட்பதற்கு அடிப்படை இல்லை. அதுவரையிலான பாக்கி, சேதம், கூடுதல் நாள் கணக்கு, இவைதான் உங்கள் பொறுப்பு.

பூட்டுப் போடுவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது, ஆள் வைத்துச் சாமானை வெளியே வைப்பது இதெல்லாம் சட்டப்படி செல்லாது. நகர்ப்புறத்தில் வாடகை ஆணையத்துக்கு உடனே மனு கொடுக்கலாம்.

6. சாவி

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வாடகை நிற்பது நீங்கள் லாரியில் சாமான் ஏற்றிய நாளோடு இல்லை. வீடு உரியவர் கைக்குப் போய்விட்டது என்று நீங்கள் காட்டக்கூடிய நாளோடுதான். சாமான் இல்லாத வீட்டின் சாவி உங்கள் பையில் இருந்தால் வீடு இன்னும் உங்களிடம்தான்.

நோட்டீஸுக்குப் பதிலாக யார் பெயரைச் சொன்னார்களோ அவரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் "காரியக்காரர்கிட்ட குடுத்துடுங்க" என்று உரிமையாளர் ஒரு வரி போட்டாலும் போதும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், போன் மாற்றும்போது சேர்த்து மாற்றுங்கள். காரியக்காரரிடம் அதிகாரப் பத்திரம் இருந்தால் பிரதி கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். "ஏன் தம்பி, இத்தனை நாள் நம்பித்தானே வாடகை குடுத்தீங்க" என்பார். கேளுங்கள்.

பொது வீடு என்றால் எல்லாப் பங்காளிகளையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் சேர்த்து, "இன்ன தேதி, இன்ன நேரம், இன்னாரிடம் சாவி ஒப்படைக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தெரிவிக்கவும்" என்று போடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான் என்றால் உங்கள் கடமை அவரிடம்தான். மற்றவர்களுக்குத் தெரிவிப்பது பின்னால் வரும் தலைவலிக்கு முன்கூட்டியே தைலம்.

ரசீது இப்படி இருக்கட்டும்: "இன்ன முகவரி வீட்டின் சாவிகள் இத்தனை, இன்ன தேதி இன்ன நேரத்தில், உரிமையாளர் இன்னார் சார்பில் பெற்றுக்கொண்டேன். வீட்டைப் பார்வையிட்டேன். காலியாக உள்ளது. வாடகை இன்ன தேதி வரை செலுத்தப்பட்டுள்ளது. மின் மீட்டர் அளவு இவ்வளவு." வாங்கியவர், கொடுத்தவர், சாட்சி ஒருவர் கையெழுத்து. இரண்டு பிரதி. சாவி எண்ணிக்கையை எழுதுவது முக்கியம். முகப்புக் கதவின் பெரிய சாவி, பின்கட்டு, மாடிப்படிக் கதவு, கிணற்றடி என்று இந்த வீடுகளில் சாவிக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று குறைந்தால் "இன்னும் ஒப்படைக்கவில்லை" என்று தொடங்கிவிடுவார்கள்.

வாங்க யாருமே வராவிட்டால்? வீட்டைத் திறந்து காட்டி, தேதி சொல்லி வீடியோ எடுங்கள். சாவி தயாராக இருக்கிறது, பெற்றுக்கொள்ள ஆள் சொல்லுங்கள் என்று அதே நாளில் இன்னொரு ஸ்பீட் போஸ்ட். அதற்கும் பதில் இல்லை என்றால் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, சாவியை அவர் அலுவலகத்தில் வைத்துப் பெற்றுக்கொள்ளச் சொல்லலாம். இங்கே மட்டும் வக்கீல் செலவு வீண் இல்லை.

7. அட்வான்ஸ் கணக்கு

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது வாடகைச் சட்டம். வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், கழிக்கவேண்டியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும்.

பலர் செய்யும் வேலை: கடைசி இரண்டு, மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்பது. எழுத்தில் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்தால் அது வாடகை பாக்கி. இரண்டு மாதம் ஆனதும் ஐந்தாவது படியில் சொன்ன காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். சம்மதித்தால் ஒரு வரி எழுதி வாங்குங்கள், நல்ல ஏற்பாடுதான்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பது. நடுவில் கிளம்பினால் மீட்டரைப் படம் எடுத்து, அளவை ரசீதில் எழுதி, அன்றே ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்பு வரை விட்டால், புதிதாக வந்தவர் ஓட்டிய குளிர்சாதனத்தால் கட்டணப் படி ஏறி, அந்த விலையில் உங்கள் யூனிட்டும் கணக்காகும்.

தரைக்கு ஒரு எச்சரிக்கை. காலி பண்ணும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். அது சிமெண்டில் கையால் செய்யும் கல், ஆசிட் மேற்பூச்சைத் தின்றுவிடும். பழைய கல்லுக்கு அதே வடிவில் மாற்று கிடைப்பதும் எளிதில்லை, கழிவுத் தொகை பெரிதாக வரும். வெறும் தண்ணீர் போதும். வழவழப்பான பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்திருந்தாலும் இதே பிரச்சினை. நாள்பட்ட புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை, உடைத்ததற்குத்தான். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் வாக்குவாதமே வராது.

முன்பு கொடுத்த தேதியில்லாக் காசோலை ஏதாவது அவர்களிடம் இருந்தால் சாவி ரசீதோடு திரும்ப வாங்குங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இன்னொன்று. அவருக்குக் கொடுக்கும் வாடகையில் வரி பிடித்துக் கட்டவேண்டிய பொறுப்பு குடியிருப்பவருக்கு வரலாம். உள்ளூர் உரிமையாளருக்கு இருக்கும் வரம்புச் சலுகை இதில் இல்லை. கணக்கு முடிக்குமுன் ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

8. ஒத்தி வீடு என்றால்

மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மாத வாடகைக் கணக்கு பொருந்தாது. உங்கள் பணம் முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. வீடு மட்டும்தான் உங்கள் பிடி. பணம் வங்கிக் கணக்கில் வந்தபிறகு சாவி, வரிசை மாறக்கூடாது. அடமானமாக எழுதியதென்றால் பதிவு செய்திருக்கவேண்டும், பதியாத ஒத்திப் பத்திரத்தோடு இருப்பவர்கள் கிளம்புமுன் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

9. தகராறு ஆகிவிட்டால்

நகர்ப்புற வீட்டுக்கு வாடகை ஆணையம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இதற்கு நியமிக்கப்பட்டிருப்பார். உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். காலி செய்வது தொடர்பான வழக்குகள் வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். ஊராட்சிப் பகுதி என்றால் உரிமையியல் நீதிமன்றம்.

அதற்கு முன்பு வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். வழக்குப் போடாமலேயே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீலும் உண்டு. எங்கள் கணக்கு தீர்ந்தது அங்கேதான். காரியக்காரர் வந்து, சாவி வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டார். பங்காளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அட்வான்ஸ் கொஞ்சம் குறைந்து வந்தது.

வாடகை பாக்கிக்கு வழக்குப் போட அவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை ஒப்பந்தம், வாடகை அனுப்பிய வங்கிப் பதிவுகள், நோட்டீஸ் பிரதி, தபால் ரசீது, சாவி ரசீது, படங்கள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். போனில் மட்டும் வைக்காதீர்கள்.